இரண்டு அங்குலம் பதினொரு சென்ட்

லேபிளில் 'சென்னைப் பதிவு' என்றிருக்கிறது.
கம்பெனிப் பேரேட்டு நகலில்
ஆகஸ்ட் பன்னிரண்டு, முப்பத்துநாலு.
பாடியவர் மிஸ் செங்கமலம்.
ஊர் இல்லை, இனிஷியல் இல்லை,
பக்கவாத்தியம் என்ற இடத்தில் ஒரு கோடு.

ஊசியை வைத்தேன்.
பல்லவி முடிந்து அவர் மூச்செடுக்கும் இடத்தில்
சங்கு ஊதுகிறது.
அருவங்காட்டு வெடிமருந்து ஆலைச் சங்கு.
குன்னூர்க்காரிக்கு அதை அடையாளம் சொல்ல வேண்டாம்:
முதலில் ஓர் உறுமல், பிறகு ஏறி,
எதிர்மலை திருப்பித் தரும்வரை நிற்கும்.
சென்னையில் எங்கே கேட்கும் அது?
பேரேட்டு ஆகஸ்ட் பன்னிரண்டோ ஞாயிற்றுக்கிழமை.
ஞாயிறு சங்கு இல்லை.

ஒரே ஊதலில் ஊரும் போயிற்று, தேதியும் போயிற்று.

சங்குக்கு அடியில் இன்னொரு சத்தம்.
தேய்மானம் என்றார் டேனியல் ஜெயசிங்,
ஊட்டியில் நாலாயிரம் தட்டு வைத்திருப்பவர்.
தேய்மானம் தட்டோடு சேர்ந்து சுற்றும்.
இது சுற்றவில்லை.
சரணத்தில் வலுக்கிறது,
தகரக்கூரை முழுக்கப் பரவுகிறது,
மிருதங்கம் ஈரத்தில்
சுருதி இறங்கிக்கொண்டே போகிறது.
மழை, ஐயா.

எனக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை.
கொழுந்து எடை, பஞ்சப்படி, லீவு;
பச்சை பீரோவில் தொண்ணூறு வருஷ மழை.
நாளுக்கு ஒரு வரி, அங்குலமும் சென்டும்.
கிளார்க் மாறும்போதெல்லாம்
மழையின் கையெழுத்தும் மாறியிருக்கும்.

எந்த மாதத்தைத் திறப்பது என்று சொன்னது
பெட்போர்டு சூசைமரியான் ரொட்டிக்கடை.
வர்க்கி டின்னுக்கு அணை கொடுத்திருந்த கணக்குநோட்டில்,
"நவம்பர் 7. பாட்டு மெஷின்காரர்.
மெழுகு சூடுபண்ண அடுப்பு வாடகை ரூ. 1-8-0."
குளிரில் மெழுகுத்தட்டு கல்லாகிவிடும்,
ஊசி இறங்காது.
அன்றைக்குப் பன்னுக்கும் பாட்டுக்கும் ஒரே அடுப்பு.

மறுநாளும் ஒரு வரி இருக்கிறது:
"நவம்பர் 8. மேற்படியார். தட்டு உருகிப் பாழ்.
கழிவு ரூ. 0-12-0."

ஏழா, எட்டா?
மழைப்புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
ஏழாம் தேதி, இல்லை.
எட்டாம் தேதி, 2.11.
ஒன்பதாம் தேதி, இல்லை.
'அப்படியானால் எட்டு' என்று
ஜெயசிங் தன் பட்டியலில் எழுதியேவிட்டார், மையால்.

அவர் மழையை அளந்தவரில்லை.
நான் அளந்திருக்கிறேன், காலை ஏழரைக்கு,
சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு.
குடுவையில் கிடப்பது நேற்றைய மழை.
அதை இன்றைய தேதியில் எழுதுவோம்,
இன்றுவரை அப்படித்தான்.
எட்டில் எழுதிய இரண்டு அங்குலம் பதினொரு சென்ட்
ஏழாம் தேதி, புதன்கிழமை,
சங்கு ஊதிய மத்தியானம் கொட்டியது.
எட்டாம் தேதி ஊரே வெயிலில் துணி காயப்போட்டிருக்கும்.

ஆக, ஏழில் பாடியதை மழை கெடுத்தது.
எட்டில் மறுபடி பாடியிருக்கிறார்,
மழையில்லாமல், ஒருவேளை இன்னும் நன்றாக.
பாடி முடித்த தட்டையே யாரோ ஒரு பையன்
புதுத்தட்டு என்று நினைத்து அடுப்புக்குள் தள்ளியிருக்கிறான்.
கம்பெனி வேறு வழியில்லாமல்
மழையையே விற்றது, விலை இரண்டே முக்கால் ரூபாய்.

பையன் என் ஊகம்.
அவனை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜெயசிங் மையைச் சுரண்ட பிளேடு தேடுகிறாராம்.

ஹெட்போனைப் போட்டு
ஒலியை முழுக்க ஏற்றினால்,
பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்துக்கு வழுக்கும்முன்
ஒரு குரல், பாட்டுக்குரல் இல்லை, தொண்டை கட்டிய பேச்சுக்குரல்:
"இன்னொரு தரமா?"
பதில் பதிவாகவில்லை.
நம்பர் 1417. அதன் பக்கத்தில் கீறிய சின்ன எண்
தேய்ந்துபோய் ஒரு கோடுதான் மிச்சம்,
ஒன்று என்று படிக்கலாம்.

தட்டைத் திருப்பினேன், 1418.
அதே மிருதங்கம், அதே கூரை.
மழை இல்லை. சங்கு இல்லை.
அனுபல்லவியில் ஒரு நாய் குரைக்கிறது.